ஆயிரம் ரிங்கிட் கட்டணமும் நாலரைக் கோடி ரூபாவும்



நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் மாலை, எனது சாச்சாவின் மகன் கடைக்கு வந்தார். பட்டிப்பொலயில் ஆறு மணிக்குப் பிறகு பனி இறங்கிவிடும். ஹோட்டன் சமவெளிக்கு வந்தவர்களும் அதற்கு முன்பே திரும்பிவிடுவார்கள். கல்லாவைக் கணக்குப் பார்த்துக் கொண்டிருந்தேன். தம்பி ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளொன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"நானா, மலேசியாவில் போய் இருந்துவிடலாம் என்று யோசிக்கிறேன். வீசாவுக்கு அரசாங்கக் கட்டணம் மொத்தமே ஆயிரம் ரிங்கிட்தானாம். எங்கள் காசுக்கு எழுபதினாயிரம். ஐந்து வருடத்துக்கு!"

தம்பிக்கு ஐம்பத்தைந்து வயது. மகள் கோலாலம்பூரில் இருக்கிறார், மருமகனுக்கு அங்கே உத்தியோகம். பேரப்பிள்ளையைப் போனில்தான் பார்க்கிறார். வெலிமடையில் ஒரு துண்டுக் காணியும் இங்கே ஒரு மரக்கறிக் கடையும் அவருடைய சொத்து. காணியை விற்க ஆள் பார்த்தாகிவிட்டது. கடையையும் கைமாற்றிவிட்டுப் போகலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. 'பைல் திறக்க' என்று ஒரு தரகருக்கு ஏற்கெனவே ஒரு தொகை கொடுத்திருக்கிறார் என்பதைக் கடைசியில்தான் சொன்னார்.

இதேபோன்ற கேள்வியைப் பள்ளிவாசல் முற்றத்திலும் கல்யாண வீடுகளிலும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் ஊரில் என்ற நிலை இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆகவே இம்முறை இந்த வீசா விடயத்தை வியாபாரிக்கு விளங்கும் விதத்தில் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

தம்பியின் தாளில் இருந்தது பொய்யல்ல. மலேசியாவின் 'எனது இரண்டாவது இல்லம்' திட்டத்தில், 2024இல் வந்த புதிய விதிகளின்படி, 'சில்வர்' என்ற கீழ்மட்ட வகைக்கான பங்கேற்புக் கட்டணம் 1,000 ரிங்கிட்தான். அந்தத் தாள் சொல்லாமல் விட்ட விடயங்கள்தான் கவனிக்க வேண்டியவை.

நாம் பஜாரில் ஒரு கடையை வாடகைக்கு எடுக்கிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒப்பந்தம் எழுத சட்டத்தரணிக்கு ஒரு கட்டணம் கொடுப்போம். அது போனது போனதுதான். கட்டடச் சொந்தக்காரருக்கு முற்பணம் கொடுப்போம். அது நமது பணம்தான், ஆனால் கடையை விடும்வரை நமது கையில் இல்லை. இவை இரண்டும் போக, மாதா மாதம் வாடகை கொடுக்க இவருக்கு வருமானம் இருக்கிறதா என்று சொந்தக்காரர் விசாரிப்பார். ஓய்வுகால வீசாவிலும் இதே மூன்றுதான் உண்டு: திரும்பி வராத கட்டணம், பூட்டி வைக்கும் வைப்புப் பணம், மாத வருமானத்துக்கான அத்தாட்சி. ஒவ்வொரு நாடும் இம்மூன்றில் ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைக்கும். தரகர் காட்டுவது எப்போதும் எது குறைவோ அதைத்தான். கடை வாடகைக்குப் போனவனிடம் சட்டத்தரணியின் கட்டணத்தை மட்டும் சொல்லிக் கடையைக் காட்டினால் நாம் சிரிப்போம். வெளிநாடு என்றதும் அந்தப் புத்தி நமக்கு வேலை செய்வதில்லை.

இதற்கு மலேசியாவுக்குப் போகத் தேவையில்லை. நமது நாட்டிலேயே இப்படியொரு திட்டம் வந்தது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய வெளிநாட்டவர்களுக்காக நமது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் 'எனது கனவு இல்லம்' என்ற பெயரில் ஒரு வதிவிட வீசாவை அறிமுகம் செய்தது. அதன் நிபந்தனைப்படி விண்ணப்பதாரர் 15,000 அமெரிக்க டொலரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்குள்ள வங்கியொன்றில் நிலையான வைப்பில் போட வேண்டும். அதற்கு மேல், தனது செலவுக்காக மாதம் 1,500 டொலரும், கூட வரும் ஒவ்வொருவருக்கும் 750 டொலரும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். வீசா இரண்டு வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம்.

டொலர் ஒன்றை 300 ரூபா என்று வைத்துப் பாருங்கள். (இந்தக் கட்டுரை முழுவதற்கும் இதே கணக்கைத்தான் வைக்கிறேன், அன்றாட விலை ஏறியிறங்கும்.) வைப்புப் பணம் 45 இலட்சம் ரூபா. கணவன், மனைவி இருவருக்கும் மாதம் 2,250 டொலர், அதாவது 6 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆக 2021 வரை போராட வேண்டியிருந்தது என்பதை நினைத்துக் கொண்டு இந்தத் தொகையைப் பாருங்கள்.

நுவரெலியாப் பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் சில காலம் என் கடையில் லீக்ஸும் கரட்டும் வாங்குவார். வீசாவைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தது. கட்டணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மாதப் பணம் அவருடைய நாட்டிலிருந்து பிந்தாமல் வந்து சேர வேண்டும், வங்கிக் கடிதம் ஒழுங்காக இருக்க வேண்டும், அதுதான் அவருடைய கவலையாக இருந்தது. அவருக்கு ஓய்வூதியம் இருந்தது. வெயிலோ மழையோ, அவர் எழும்பினாலும் எழும்பாவிட்டாலும் அது வரும். இருந்த இடத்தில் வரும் வருமானம் என்பது அதுதான். வீட்டு வாடகை, ஓய்வூதியம், பங்கு இலாபம் இவைதான் அந்தக் கணக்கில் வரும். எனக்கும் தம்பிக்கும் மாதம் எவ்வளவு வந்தாலும், கடையை ஒரு கிழமை பூட்டினால் அந்தக் கிழமை வருமானம் இல்லை. கடையை விற்றுவிட்டுப் போகிறவனுக்கு வருமானம் அன்றோடு சரி. கையில் இருப்பது முதல். முதலை வருமானம் என்று எண்ணிக் கொள்வது நம்மில் பலர் செய்கின்ற தவறு.

2022இல் 'கோல்டன் பரடைஸ்' என்று இன்னொரு வீசாவுக்கு நமது அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. 100,000 டொலர் வைப்புக்குப் பத்து வருட வீசா. நாட்டில் டொலர் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த காலம் அது. அந்த ஏப்ரல் 12ஆம் திகதிதான் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், எந்த நாடும் கிழவர்களின் மேல் இரக்கப்பட்டு இந்த வீசாக்களைக் கொடுப்பதில்லை. அதற்கு வெளிநாட்டுப் பணம் தேவை. தேவை மாறும்போது விலையும் மாறும்.

மலேசியாவின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1996இல் வயதானவர்களுக்கு என்று ஒரு திட்டம் தொடங்கி, 2002இல் அதை 'எனது இரண்டாவது இல்லம்' என்று மாற்றினார்கள். 2020இல் நிறுத்தி வைக்கும்வரை இருந்த விதிப்படி, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு 150,000 ரிங்கிட் வைப்பு, 350,000 ரிங்கிட் சொத்துக்கான அத்தாட்சி, வெளிநாட்டிலிருந்து மாதம் 10,000 ரிங்கிட் வருமானம். வருடாந்த வீசாக் கட்டணம் 90 ரிங்கிட். பத்து வருடத்துக்குக் கொடுத்தார்கள். கொழும்பு வியாபாரிகள் சிலர் இதைப் பற்றிப் பேசுவதை அந்நாளில் கேட்டிருக்கிறேன்.

2021இல் மீண்டும் திறந்தபோது வைப்பு பத்து இலட்சம் ரிங்கிட், மாத வருமானம் 40,000 ரிங்கிட் என்று ஒரேயடியாக ஏற்றினார்கள். 90 ரிங்கிட் கட்டணம் 500 ஆனது. காலம் பத்து வருடத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது. விண்ணப்பங்கள் படுத்துவிட்டன. 2024இல் மறுபடியும் மாற்றி, சில்வர், கோல்ட், பிளாட்டினம் என்று மூன்று படிகள் வைத்தார்கள். மாத வருமான நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கேட்டதும் நல்லது போலத்தான் தெரியும். ஆனால் சில்வருக்கு வைப்பு 150,000 அமெரிக்க டொலர்.

தம்பியிடம் இந்த இடத்தைத்தான் விரலால் தொட்டுக் காட்டினேன். பழைய திட்டத்தில் 150,000 ரிங்கிட், புதிய திட்டத்தில் 150,000 டொலர். எண் அதே எண்தான், நாணயம் மாறிவிட்டது. 2024இல் ஒரு டொலர் நாலு ரிங்கிட்டுக்கு மேல் இருந்தது. பழைய காலத்து ஆட்களிடம் கேட்டுக் கொண்டு வந்தவர்கள் 'ஒன்றரை இலட்சம்' என்று மனதில் வைத்துக் கொண்டு ஏமாந்து நிற்பது இதனால்தான். 150,000 டொலர் என்றால் நமது பணத்தில் நாலரைக் கோடி ரூபா.

அதோடு முடியவில்லை. அங்கே வீடும் வாங்க வேண்டும். சில்வருக்குக் குறைந்தது 600,000 ரிங்கிட் பெறுமதியான வீடு. ரிங்கிட் ஒன்றை 70 ரூபா என்று வைத்தால் 4 கோடி 20 இலட்சம். பத்து வருடத்துக்கு அதை விற்கவும் முடியாது. ஒரு வருடம் கழிந்த பிறகு வைப்பில் பாதி வரைக்கும் வீடு வாங்க, வைத்தியச் செலவு போன்ற காரணங்களுக்கு எடுக்கலாம் என்பது கொஞ்சம் ஆறுதல். விண்ணப்பம் மலேசிய சுற்றுலா அமைச்சின் அனுமதி பெற்ற முகவர் நிறுவனம் ஒன்றின் மூலம்தான் போக வேண்டும். ஊரில் பைல் திறக்கும் தரகர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்பது தம்பிக்குத் தெரியாது. கேட்டும் இருக்கவில்லை.

மேல்படியான பிளாட்டினத்துக்குப் பங்கேற்புக் கட்டணம் மட்டுமே 200,000 ரிங்கிட். அதை விட்டுவிடுவோம், அது நமக்குரிய பேச்சல்ல.

தாய்லாந்தில் கட்டணம் இன்னும் மலிவு. ஐம்பது வயது கடந்தவர் ஓய்வுகால அடிப்படையில் ஒரு வருடம் நீடிக்க 1,900 பாத், ஏறக்குறைய 17,000 ரூபா. ஆனால் வங்கியில் 800,000 பாத் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். அங்கே இன்னொரு விடயமும் உண்டு. மையித்துக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்து போக வேண்டுமானால், புறப்படும் முன் மறுபிரவேச அனுமதி எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 1,000 பாத், பல தடவைக்கு 3,800 பாத். எடுக்காமல் விமானம் ஏறினால் அந்த நீடிப்பே செத்துவிடும். நமது ஆட்கள் செய்தி வந்ததும் ஓடிப் போய் டிக்கட் போடுகிறவர்கள். வீட்டில் மையித்தை வைத்துக் கொண்டு யார் அனுமதியை நினைப்பார்?

நம்மில் பலருடைய ஆசை ஹரம் ஷரீபுக்குப் பக்கத்தில் கடைசிக் காலத்தைக் கழிப்பது. சவூதி அரேபியா 2019இல் சிறப்பு வதிவிட அனுமதி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கபீல் தேவையில்லை. நிரந்தர அனுமதிக்கு 800,000 ரியால், ஒரு வருட அனுமதிக்கு 100,000 ரியால். 2024 ஜனவரியில் திறமையாளர், முதலீட்டாளர் போன்றவர்களுக்கென்று வேறு வகைகளையும் சேர்த்தார்கள், அவற்றில் சிலவற்றுக்குக் கட்டணம் 4,000 ரியால்தான். ஆனால் அவற்றுக்குரிய தகுதி வேறு, நம்மைப் போன்ற ஓய்வுக்காரருக்கானவை அல்ல. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த 800,000 ரியாலும் 100,000 ரியாலும் வைப்பல்ல, கட்டணம். மலேசியாவில் பூட்டி வைக்கிறோம், இங்கே கொடுத்துவிடுகிறோம். டொலருக்கு 3.75 ரியால் என்ற நிலையான விலைப்படி ரியால் 80 ரூபா. வருடத்துக்கு 80 இலட்சம் ரூபா, நிரந்தரம் என்றால் 6 கோடி 40 இலட்சம்.

சாதாரண இகாமாவில் இருப்பவர்களும் கட்டணத்தின் சூட்டை அறிந்தவர்கள்தான். 2017 ஜூலையில் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று தொடங்கிய வரி, வருடா வருடம் நூறாக ஏறி 2020இல் 400 ரியாலில் நின்றது. மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் மாதம் 1,600 ரியால். குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே அறையில் தங்கியவர்கள் நமது ஊர்களிலும் இருக்கிறார்கள்.

துபாய் 2020 செப்டம்பரில் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு ஐந்து வருட வீசாவை அறிவித்தபோது கேட்டது மாதம் 20,000 திர்ஹம் வருமானம், அல்லது பத்து இலட்சம் திர்ஹம் சேமிப்பு, அல்லது இருபது இலட்சம் திர்ஹம் வீடு. பிறகு தொகைகளில் மாற்றங்கள் வந்தன.

அரசாங்கக் கட்டணம் என்று சொல்லும்போது அதற்குள்ளும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் நமது நாட்டின் இணையவழி வீசாவை வெளிநாட்டுத் தனியார் கூட்டொன்றிடம் கொடுத்தார்களே, நினைவிருக்கும். அரசாங்கத்தின் 75 டொலருக்கு மேல் சேவைக் கட்டணம் 18 டொலர் 50 சதம், வசதிக் கட்டணம் 7 டொலர் 27 சதம் என்று சேர்த்து, சுற்றுலாப் பயணி 100 டொலருக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது. பெரிய சர்ச்சை கிளம்பி, அந்த ஓகஸ்ட் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வீசாவின் விலை என்று ஒரு எண்ணைச் சொன்னால், அதில் அரசாங்கத்துக்குப் போவது எவ்வளவு, நடுவில் நிற்பவருக்குப் போவது எவ்வளவு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் எது திரும்பி வரும் என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

இனி, பணம் இருக்கிறது என்றே வைத்துக் கொள்வோம். அதை அனுப்புவது எப்படி? காணி விற்ற ரூபாவை வங்கிக்குக் கொண்டுபோய் டொலராக்கி அனுப்பு என்று சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் எந்தத் தேவைக்கு, எந்தக் கணக்கின் ஊடாக, எவ்வளவு அனுப்பலாம் என்று விதிகள் இருக்கின்றன. 2020 ஏப்ரலுக்குப் பிறகு மூலதனப் பணத்தை வெளியே அனுப்புவதைக் கட்டளைகள் மூலம் இறுக்கினார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். ஆகவே காணியை விற்க முன்பு வங்கிக்குப் போய், இந்தத் தேவைக்கு இன்றைய திகதியில் எவ்வளவு அனுப்பலாம் என்று கேளுங்கள். விற்ற பிறகு கேட்பது வீண்.

"உண்டியலில் அனுப்பிவிடலாம்" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். சட்டப் பிரச்சினை ஒருபுறம் இருக்கட்டும். அங்கே வைப்பில் போடும்போது இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். உண்டியலுக்கு ரசீது கிடையாது. ஆயுள் முழுதும் உழைத்த ஹலாலான பணம் அந்த மேசையில் திருட்டுப் பணமாகிவிடும்.

டொலர் விலையும் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. 150,000 டொலருக்கு மூன்று கோடி என்று கணக்குப் போட்டவருக்கு இரண்டே மாதத்தில் ஐந்து கோடி 40 இலட்சம் தேவைப்பட்டிருக்கும். வருமானம் ரூபாவில், நிபந்தனை டொலரில் என்றால் இந்தப் பயம் எப்போதும் தலைமாட்டில் இருக்கும்.

நமக்கு மட்டுமே உரிய ஒரு செலவும் உண்டு. எந்த முகவரின் தாளிலும் அது இருக்காது. பூட்டி வைத்த வைப்பு நமது உடைமை. நிஸாபைத் தாண்டி ஒரு வருடம் நம் பெயரில் இருக்கும் பணத்துக்கு ஸகாத் உண்டு, எடுக்க முடியாமல் நாமே விரும்பி வைத்தாலும் அது நம் பணம்தான் என்பதே நான் ஆலிம்களிடம் கேட்டறிந்தது. உங்கள் ஆலிமிடம் உங்கள் விபரத்தைச் சொல்லிக் கேட்டுக் கொள்ளுங்கள். நாலரைக் கோடிக்கு இரண்டரை வீதம் என்றால் வருடம் 11 இலட்சத்து 25 ஆயிரம் ரூபா. அந்த ஆயிரம் ரிங்கிட் கட்டணத்தைப் போல் பதினாறு மடங்கு! வைப்பிலிருந்து அதை எடுக்க முடியாது, வேறு கையிருப்பிலிருந்துதான் கொடுக்க வேண்டும். வட்டியையும் மறக்கக் கூடாது. மலேசியாவில் 1983 முதல் இஸ்லாமிய வங்கி இயங்குகிறது, நமது நாட்டிலும் 2011 முதல் முழுமையான இஸ்லாமிய வங்கி இருக்கிறது. வீசாவுக்கான வைப்பை இஸ்லாமிய வங்கிக் கணக்கில் ஏற்பார்களா என்பதைப் பணம் அனுப்ப முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவையும் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி முடிக்கும்போது இஷாவுக்கு நேரமாகிவிட்டது. தம்பி பேசவில்லை. காணியும் கடையும் சேர்ந்தாலும் நாலரைக் கோடியின் கால்பங்கு வராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். "அப்போ பேரனைப் பார்க்க வழியே இல்லையா நானா?" என்று கேட்டார்.

பேரனைப் பார்க்க இரண்டாவது இல்லம் தேவையில்லை, அவர் தவறான கதவைத் தட்டிக் கொண்டிருந்தார். மருமகன் அங்கே வேலை அனுமதிப் பத்திரத்தில் இருக்கிறார். அதில் சம்பளத்தைப் பொறுத்து வகைகள் உண்டு. மேல்வகைக்காரர்கள் தமது பெற்றோருக்கும் மனைவியின் பெற்றோருக்கும் நீண்டகாலத் தங்கும் அனுமதி கேட்கலாம். அதற்கு வைப்பும் இல்லை, வீடு வாங்கவும் தேவையில்லை. வேலை கொடுத்த கம்பனி மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அந்த வகைகளுக்கான சம்பள எல்லையையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால் உடனே கேட்பது நல்லது. மருமகன் அந்த வகையில் இல்லாவிட்டால் விசிட் வீசாவில் போய்வர வேண்டியதுதான். பெட்டிக்குள் உடுப்போடு காரப் பலகாரமும் போட்டுக் கொண்டு போகலாம், கடையை மகன் பார்த்துக் கொள்வான்.

கடையிலிருந்தே கோலாலம்பூருக்குப் போன் போட்டோம். மருமகன் வேலையில் இருந்தார். பத்திரத்தைப் படம் எடுத்து இரவே அனுப்புவதாகச் சொன்னார். தரகரிடம் கொடுத்த பணத்துக்கு ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். நாளைக் காலை வெலிமடைக்குப் போய் நாங்கள் இருவருமாக அவரைப் பார்ப்பதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். காணி வாங்க வந்தவருக்கு இப்போதைக்கு இல்லை என்று தம்பி சொல்லிவிட்டார்.